கண்ணாடித் தண்ணீரில் பஞ்சு வாத்துகள்

அன்று தோட்டத்து மாதா கோயிலில் இருந்தவர்கள் இவர்கள்தான்: நீங்கள், நான், பாயில் உட்கார்ந்திருந்த உங்கள் மாமியார் சூசையம்மாள், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அந்தோணி, சுங்கைப் பட்டாணியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த பத்திரிகைக்காரர் தேவராசன். நானும் இருந்தேன் என்று வேறு யார் வந்து சொன்னாலும் பொய்.

இன்று காலை பேத்தி பத்திரிகையை விரித்துக் காட்டினாள், அக்கா. பருவநிலை மாறிப்போவதைப் பற்றி யாரோ வரைந்த ஓவியங்களின் கண்காட்சியாம். படத்தில் பொன்னாடை போர்த்திய பெரிய மனிதர் ஒருவர், சுற்றிலும் ஒரு கூட்டம். அவர்கள் தோள்களுக்குப் பின்னால் ஓவியம் துண்டாகத் தெரிந்தது. தண்ணீருக்கு மேல் ஒரு கூரை. யார் திறந்து வைத்தார், யார் நன்றி சொன்னார், எல்லாம் எழுதியிருந்தார்கள். அந்தக் கூரைக்கு அடியில் யார் இருந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. 'கண்ணுக்கு விருந்து' என்று முடித்திருந்தார்கள். காப்பி மடியில் கொட்டிவிட்டது.

"சுட்டுருச்சா பாட்டி?" என்றாள். இல்லை என்றேன். உங்கள் கிறிஸ்துமஸ் குடில் கண்முன் வந்து நின்றதை அவளிடம் எப்படிச் சொல்ல?

எண்பதுகளின் தொடக்கம் அது. வானம் முறை தவறிப்போயிருந்தது. ரப்பர் பால் சுரக்கும் கித்தா மரங்கள் வழக்கமான மாதத்தில் இலை உதிர்க்காமல், எதிர்பாராத நேரத்தில் மொட்டையாக நின்றன. ஆற்றுக்கு மேலே காட்டை வேறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்தால் செந்தண்ணீர் நம் கீழ்லயத்து வீடுகளின் படியேறி வந்தது. முந்தின மழையில் மண்டோரும் நம்மோடு முழங்கால் தண்ணீரில் நின்று கோழிகளைத் தூக்கினார். மேட்டில் வீடு கொடுங்கள் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டோம். துரையிடம் சொல்கிறேன் என்றவர் சொல்லவே இல்லை.

"இவங்களுக்குக் காது இல்ல புள்ள. கண்ணுல காட்டணும்," என்றீர்கள்.

வருஷா வருஷம் நீங்கள் கட்டும் கிறிஸ்துமஸ் குடில் தோட்டம் முழுக்கப் பேர்போனது. தரையில் முகம் பார்க்கும் கண்ணாடி, அதுதான் குளம். அதில் பஞ்சு வாத்துகள். ஓரத்தில் சிரட்டையில் முளைக்கவிட்ட நெல். மாரியம்மனைக் கும்பிடுகிற நான்தான் நெல் முளைக்கவைத்துத் தருவேன். அந்த வருஷம் நெல் வேண்டாம் என்றீர்கள். பால் டின்னை வெட்டி நம் லயத்துக் கூரைகளைச் செய்து, கண்ணாடிமேல் கூரைகளை மட்டும் வைத்தீர்கள். சுவர் இல்லை, வாசல் இல்லை. ஒரு கூரையின் உச்சியில் மாதா, சூசையப்பர், பாலன்.

"அடியே, சாமியக் கொண்டுபோயி கூரையில ஏத்திட்டியே, விழுந்துட்டா?" என்றார் சூசையம்மாள்.

"விழுந்தா தண்ணியிலதான் அத்த. நாமளும் அங்கதான் விழப்போறோம்."

நான் கூரைகளை எண்ணினேன். மூன்றாவது கூரை என்னுடையது.

பத்திரிகையில் வந்தால் துரையின் காதுக்குப் போகும் என்றுதான் நீங்கள் தேவராசனுக்கு ஆள் விட்டீர்கள். அவர் வந்து குனிந்து பார்த்தார். "என்னாங்க இது, கூரை மட்டும் இருக்கு?"

நீங்கள் வாய் திறப்பதற்குள் மண்டோர் முந்திக்கொண்டார். "குளம்தான் சார். குளத்தோரம் வீடுங்க. நம்ம அக்கா கை அப்படி, அழகா செய்யும்லா."

"குளம்னா வாத்து வேணுமே! படத்துல எடுப்பா இருக்கும்."

மண்டோரே அலமாரியைத் திறந்து பழைய வாத்துப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். தேவராசன் ஒவ்வொன்றாக நம் வீடுகளுக்கு நடுவே நீந்தவிட்டார்.

"சார், அது குளம் இல்ல. எங்க லயம் சார், தண்ணி ஏறுது..." என்றீர்கள்.

"ஆமா, ஆமா. கொஞ்சம் சிரிங்கக்கா," என்றார், கேமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

படம் வந்தது. 'தோட்டத்தில் ஓர் அழகிய குளக்கரைக் குடில்.' உங்கள் பெயரைப் பிழையில்லாமல் போட்டிருந்தார்கள். கிராணி அதை ஆபீஸ் சுவரில் ஒட்டிவைத்தார். மறுபடி மேட்டு வீடு கேட்டுப் போனபோது அதைத்தான் விரலால் தட்டினார். "பேப்பர்லயே அழகுன்னு போட்டுட்டான். அப்புறம் என்னா பயம் உங்களுக்கு?"

அடுத்த மழைக்காலத்தில், பட்டப்பகலில், நாம் பால் வாளியோடு ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஆறு வந்தது. நீங்கள் வாளியைப் போட்டுவிட்டுச் சரிவில் ஓடினீர்கள்.

"போவாதீங்கக்கா!"

"கெழவியால எந்திரிக்க முடியாதுடி!"

உங்கள் குரலை நான் கேட்டது அதோடு சரி. மேட்டில் நின்று பார்த்தேன். கூரைகள் மட்டும் தெரிந்தன, நீங்கள் அடுக்கிவைத்த அதே வரிசையில். ஒரு வாத்துகூட இல்லை.

அதற்குப் பிறகு மேட்டில் வீடு கட்டினார்கள். பத்திரிகையில் மாமியாரையும் மருமகளையும் இரண்டு வரியில் எழுதி முடித்தார்கள்.

இப்போது பட்டணத்துத் தாமான் குடியிருப்பில் மகள் வீட்டில் இருக்கிறேன். மழை இறங்கினால் அரிசி வாளியைக் கட்டில்மேல் தூக்கிவைக்கிறேன். "பாட்டி, இது தாமான்லா. ஆறு எங்க இருக்கு?" என்று பேத்தி சிரிக்கிறாள். ஆற்றுக்கு வழி சொல்லித் தர வேண்டுமா என்ன? அன்றைக்கு முறை தவறிய வானம் இன்னும் திரும்பி வரவில்லை, அக்கா. கூரைமேல் முதல் சொட்டு விழும்போதே என் கால் மேடு தேடுகிறது. உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தேவராசன் பட்டணத்துக்காரர், நம் தண்ணீரைப் பார்த்ததில்லை. அவரை விட்டுவிட்டேன். கிராணி செத்தபோது போய் மாலைகூடப் போட்டேன். நம்மோடு முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டு, தெரிந்தே அதைக் குளம் என்று சொன்ன ஒருவர் இருக்கிறார். மாதா மன்னிக்கட்டும், மாரியம்மா மன்னிக்கட்டும், நான் மன்னிக்க மாட்டேன். மண்டோர் அந்தோணி.