வாசல் வெட்டிவைத்த புழு

கார்டன் ரீச் குவார்ட்டர்ஸ் வாழ் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு: இன்று காலை சி பிளாக் நெல்லிமரத்தில், கொசுவலைத் துண்டுக்குள் ஓர் அந்துப்பூச்சி பிறந்தது. நிறம் பழுப்பு. பூச்சி நலம். இனிப்பு வழங்கப்படமாட்டாது.

நீ இருந்திருந்தால் இதை நீதான் என்னிடம் ஓடிவந்து சொல்லியிருப்பாய்.

கிளை நுனிகள் புடைத்து நின்றதை முதலில் பார்த்தபோது, "மரத்துக்குப் பொன்னுக்கு வீங்கி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டு, "வீங்கலடா, உள்ள ஒரு புழு குடியிருக்கு. அதுக்கு மரமே கட்டிக்குடுத்த குவார்ட்டர்ஸ்" என்றாய்.

உன்னை ஏமாற்றவென்றே அதே மாதிரி ஒரு முடிச்சாகக் களிமண்ணை உருட்டி, பச்சை பெயின்ட் அடித்து, ஒரு கிளையில் ஒட்டிவைத்தேன். பள்ளியில் பாதிப் பேரை ஏமாற்றிய கை இது. நீ மூக்கு உரசக் குனிந்து பார்த்தாய்.

"வாசல் எங்கடா?"

"எந்த வாசல்?"

"பூச்சிக்குக் கடிக்கிற வாய் கிடையாது. அதனால புழுவா இருக்கும்போதே வழிய வெட்டி, மெல்லிசா ஒரு தோல மட்டும் விட்டுவைக்கும். அப்புறந்தான் கூட்டுப்புழுவாகும். உன் புழுவுக்கு அந்தப் புத்தி இல்ல. வளர்த்தவன் அப்படி. போடா முடிச்சவிக்கி."

"முடிச்சு போட்டவன் நான், அவுத்தவ நீ. யாரு முடிச்சவிக்கி?"

பதிலுக்குக் களிமண்ணை என் சட்டைப்பையில் போட்டாய். வேறு யாரிடம் மாட்டினாலும் எரிச்சல் வரும். உன்னிடம் மாட்டினால் மட்டும், அடுத்து எப்படி மாட்டலாம் என்று யோசிப்பேன்.

பூச்சி வெளியே வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது உன் ஆசை. வாசல் வெட்டிய முடிச்சு ஒன்றைத் தாழ்ந்த கிளையில் கண்டுபிடித்து வலை கட்டினாய். பிறகு காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

பூஜைக்கு முன்னால் புடைத்த கிளைகளையெல்லாம் வெட்டி எரிப்பது வழக்கம். மாலி காகு, அதுதான் நம் தோட்டக்காரர், அரிவாளோடு நெல்லியிடம் வந்ததும் ஓடினேன். இது அரசாங்க ஆராய்ச்சிக் கிளை, டெல்லியிலிருந்து ஆபீசர் வருகிறார் என்று என் வங்காளத்தில் பொழிந்தேன். முழுதும் கேட்டு, தலையாட்டி, அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். என் நாக்கு ஒரு கிளையைக் காப்பாற்றியது என்று குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொன்னேன். உன் அம்மாவிடமும். நீ போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இன்று பூச்சி தோலைத் தள்ளிக்கொண்டு வந்து, இறக்கை காயும்வரை நின்றது. வலையைப் பிரித்தேன். பறந்தது. பக்கத்தில் காகு.

"ஆபீசர் வந்தாச்சா?" என்றார். நான் விழித்தேன்.

"தீதி, அதான் உன் சிநேகிதி, ஆஸ்பத்திரிக்குப் போறப்பவே வண்டிய நிறுத்தி எங்கிட்ட சொல்லிட்டுப் போச்சு, இந்தக் கிளைய வெட்டாதீங்கன்னு. நீ அவ்வளவு அழகா பொய் சொன்னே, நிறுத்த மனசு வரல."

ஆக, என் நாக்கு காப்பாற்றியது ஒன்றுமில்லை. உன் அம்மாவிடம் இதைச் சொல்லத்தான் உங்கள் வீட்டு மாடிப்படி வரை வந்துவிட்டேன். மணியடிக்கத்தான் கை வரவில்லை.