கொழுப்பு படிந்த ரேகை

ஷிபான் மலையூர், சிச்சுவான்
1994 மார்ச் 6

மகன் கைமிங்குக்கு அப்பா சொல்லி எழுதுவது.

தபால் நிலைய வாசலில் உட்கார்ந்து பாங் எழுதுகிறார். “அண்ணே, ஆரம்பத்துல கொஞ்சம் அலங்காரமா நாலு வரி போடட்டுமா?” என்கிறார். “அலங்காரத்தை உன் வீட்டு வாசல்ல வெச்சுக்க. நான் சொல்றதை எழுது” என்று சொல்லிவிட்டேன்.

நீ கேட்ட பதினோரு பேரும் நேற்றுப் பேருந்து ஏறிவிட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கேட்டவன் நான்தான். யூ குவேயின் அம்மாதான் லேசில் விடவில்லை. “இங்கே சர்க்கரைவள்ளியாவது விளையுது. கூரை ஓடு சுடுற தொழிற்சாலைக்குப் போய் ஏமாந்து வந்தா நான் யாரைக் கேக்கறது?” என்றாள். “என்னைக் கேளு. நகரத்தான் என்ன வாங்குறானோ அதையே உன் மகனும் வாங்குவான். ஒரே வேலை, ஒரே கூலி. கைமிங் சொல்லியிருக்கான்” என்றேன். உற்பத்திக் குழுத் தலைவனாக இருபது வருடம் நாற்பது வீட்டுக்கும் கூலி பிரிக்கும் வேலைப் புள்ளிகளைத் தலைக்குள்ளேயே வைத்திருந்தவன் நான். ஒரு புள்ளி தவறியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் மகனை அனுப்பினாள்.

புத்தாண்டுக்கு வந்தபோது பதினோரு பேருக்கும் சேர்த்துத் தங்கும் அனுமதி வாங்க ஒரு தாளில் என் ரேகையை எடுத்தாயே, அது செல்லுபடியானதா? இறைச்சியைப் புகைபோட்டுக்கொண்டிருந்தேன், விரலெல்லாம் கொழுப்பு. “துடைச்சிட்டு வர்றேன்” என்றேன். “பரவால்லப்பா, அவசரம்” என்றாய். ரேகை ஒரு பக்கம் வழுக்கிவிட்டது. அதை நினைத்தால்தான் கவலை.

பேரன் துங்துங்கை நான் கேட்டதாகச் சொல்.

அப்பா, லியாவ் தெங்ஃபா
(இடது பெருவிரல் ரேகை)

*

1994 மே 19

அன்புள்ள அப்பாவுக்குக் கைமிங் வணங்கி எழுதுவது.

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். எல்லோரும் சூளையில் சேர்ந்துவிட்டார்கள். காரம் இல்லாத சோறு இறங்கவில்லை என்று முதல் வாரம் அழுதார்கள். இப்போது அவர்களே மிளகாய் விழுது ஜாடியை வைத்துக்கொண்டு சமைக்கிறார்கள். தாள் செல்லுபடியாகிவிட்டது, கவலை வேண்டாம். கூலியை இங்குள்ள வழக்கப்படி வருடக் கடைசியில் மொத்தமாகத் தருவார்கள். அதுவரை கைச்செலவுக்கு நான் கொடுத்துவருகிறேன்.

செப்டம்பரில் துங்துங்கைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். கிராமத்தில் பதிந்த குடும்ப அட்டை வைத்திருப்பவன் பிள்ளைக்கு இங்கே இடமில்லை. நகரத்துக் குடும்ப அட்டை வாங்கினால் சேர்ப்பார்கள். விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ஏதாவது வழி செய்ய வேண்டும்.

உங்கள் ரேகையைப் பார்த்தால் உங்களையே பார்த்த மாதிரி இருக்கிறது. குறுக்கே ஓடும் அந்த அரிவாள் தழும்பு! ரேகை இல்லாமல் வந்தால் உங்கள் கடிதம் என்றே நம்ப மாட்டேன்.

உங்கள் மகன்
கைமிங்

*

1994 செப்டம்பர் 2

கைமிங்குக்கு.

சோளம் அறுத்தாயிற்று. பன்றி நன்றாகச் சதை போட்டிருக்கிறது. இதையெல்லாம் எழுத வரவில்லை.

யூ குவே அவன் அம்மாவுக்கு எழுதியதை பாங் படித்தார். பக்கத்துச் சூளையில் நிற்கும் நகரத்தானுக்கு மாதம் நானூறு யுவானாம். இவனுக்கு இருநூற்றுப் பத்து என்று நீ சொன்னாயாம். மண் ஒன்று, நெருப்பு ஒன்று, கொப்புளம் மட்டும் இவனுக்கு அதிகம். அவன் அம்மா என் வாசலுக்கு வரவில்லை. கிணற்றடியில் என் காதில் விழும்படி, “கேக்கச் சொன்னாரே ஒருத்தர், இப்ப எந்த முகத்தைப் பார்த்துக் கேக்கறது?” என்றாள்.

நீ புத்தாண்டன்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தாய். மீனைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாய்: “இந்த வருஷத்துலேர்ந்து நகரத்தான், கிராமத்தான்னு பிரிக்கிறதில்லப்பா. எல்லாருக்கும் ஒரே கூலி.” அப்படியானால் இது என்ன?

அப்பா
(இடது பெருவிரல் ரேகை)

*

1994 செப்டம்பர் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

யூ குவேக்கு வாய் நீளம். தொழிற்சாலை சொன்னது ஒன்று, செய்தது ஒன்று. நகரத்தானுக்கு ஒரு விலை, நமக்கு ஒரு விலை. நாடே அப்படித்தான் ஓடுகிறது. நான் என்ன செய்ய முடியும்? நானும் சிச்சுவான்காரன்தானே. எனக்காக நீங்கள்தான் ஊரில் நாலு வார்த்தை பேச வேண்டும்.

ஒரு நல்ல செய்தி. துங்துங்குக்கு நகரத்து அட்டை கிடைத்துவிட்டது. உங்கள் பேரன் இனி நகரத்தான் அப்பா! சீருடை போட்ட படம் இத்துடன் வைத்திருக்கிறேன்.

கைமிங்

*

1994 டிசம்பர் 28

லியாவ் கைமிங்குக்கு.

உன் பேச்சை நம்பி, நீ எழுதிய மறுவாரமே வீடு வீடாகப் போனேன். “தொழிற்சாலைக்காரன் ஏமாத்திட்டான், என் மகன் என்ன பண்ணுவான்?” என்று பதினோரு வாசலிலும் சொன்னேன். இரண்டாவது தடவையாக.

முந்தாநாள் யூ குவே வந்தான். உன்னிடம் சொல்லாமல் நேரே தொழிற்சாலைக் கணக்கரிடம் போய்க் கேட்டிருக்கிறான். “உங்க ஆளுங்களுக்கும் நானூறுதான். மாசாமாசம் உங்களைக் கூட்டி வந்த கைமிங் வாங்கிட்டுப் போறாரே. உங்க ஊர்ப் பெரியவரே சம்மதிச்சு ரேகை வெச்சிருக்கார், பார்” என்று ஒரு தாளைக் காட்டி நகலும் கொடுத்திருக்கிறார்.

பாங் படிக்க ஆரம்பித்தார். பதினோரு பேரின் கூலியையும் லியாவ் கைமிங் கையில் தரச் சம்மதம், அவன் கொடுப்பதே அவர்கள் கூலி. நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. தாளின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுக்கே தழும்பு. இடப்பக்கம் கொழுப்பில் வழுக்கிய இடம்.

எழுத்துத் தெரியாதவன் நான். என் விரல் எனக்குத் தெரியாதா?

யூ குவேயின் அம்மாவும் பக்கத்தில்தான் நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். “உங்களையுமா?” என்று மட்டும் கேட்டாள். அவள் திட்டியிருக்கலாம்.

துங்துங்குக்காக என்று நீ சொல்வாய். கேட்டிருந்தால் பன்றியை விற்றிருப்பேன், சவப்பெட்டிக்கு வைத்திருக்கும் பலகையை விற்றிருப்பேன். நீ கேட்கவில்லை. பதினோரு வீட்டிலிருந்து எடுத்தாய். எடுக்க என் கையையே பிடித்துக்கொண்டாய்.

இன்று காலை பதினோரு வீட்டாரும் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டார்கள். அனுமதித் தாள் என்று சொல்லி என்னிடம் ரேகை வாங்கினாய் என்று ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வைத்தேன். இந்தத் தடவை சுத்தமாக விழுந்திருக்கிறது.

புத்தாண்டுக்கு வருவதாக இருந்தால், வந்து பதினோரு வாசலிலும் நில். பிறகு என் வாசலுக்கு வா.

பாங் சிவப்பு மையை நகர்த்தி வைக்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். ரேகை இல்லாமல் வந்தால் என் கடிதம் என்று நம்ப மாட்டேன் என்று எழுதியிருந்தாயே.

நம்ப வேண்டாம்.