ஏங்க, தம்பி, அண்ணே

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அப்பா, ஜெயித்துவிட்டேன்!

எங்கள் மென்பொருளில் இரண்டு நிரல் தொகுப்புகள் சேர்ந்து ஓட வேண்டும். யாரோ இருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தவை. ஒன்று 'நீளம்' என்று கேட்கும். மற்றதோ அதே அளவை 'தூரம்' என்று கொடுக்கும். பெயர் பொருந்தாமல் எல்லாம் படுத்துவிட்டது. எழுதியவர்களைக் கேட்டால், "நான் ஏன் மாத்தணும்? அவரை மாத்தச் சொல்லுங்க" என்று இருவருமே முறுக்கிக்கொண்டார்கள். திட்டத்தையே மூட்டை கட்டிவிடலாம் என்றார் மேலாளர்.

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு நீங்கள் 'ஏங்க', அத்தைக்குத் 'தம்பி', சித்தப்பாவுக்கு 'அண்ணே'. யாரும் தாங்கள் கூப்பிடுவதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனாலும் எழுந்து வருவது நீங்கள்தானே! அதனால் இரண்டையும் தொடாமல், ஒன்று சொல்வதை மற்றதன் பெயரில் எடுத்துக்கொடுக்கும் சின்ன நிரலை நடுவில் உட்காரவைத்தேன். சோதனை அத்தனையும் தேறி, திரை முழுக்கப் பச்சை! "இது எப்படி நமக்குத் தோணாம போச்சு?" என்று மேலாளர் வாய்பிளந்தார். முறுக்கிக்கொண்ட இருவரும் அந்தச் சின்ன நிரலைத் தங்கள் தொகுப்புகளிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்து நீங்கள் அனுப்பும் பார்சலில் என் பழைய போர்வையும் ஊசிநூலும் வையுங்கள். பார்சல் மேலே என் அடையாள அட்டையில் உள்ள பெயரை எழுதுங்கள், இல்லாவிட்டால் கைக்கு வராது. உள்ளே ஒரு சீட்டில் வீட்டில் என்னைக் கூப்பிடும் பெயரை எழுதி வையுங்கள். இங்கே அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் வாலு