மீனுக்கு வயசாயிருச்சு

சேந்தமங்கலம்
12.4.84

அன்பு மகள் வசந்தாமணிக்கு அம்மா எழுதறது. இங்க நானும் எருமையும் ஆடு ரெண்டும் சொகமா இருக்கறோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் மேலுக்கு ஒரு கொறையும் இல்லாம இருக்கோணும்னு கும்பிட்டுட்டுத்தான் பேனாவத் தொறந்தேன். உன் லெட்டர் செவ்வாக்கிழமை வந்துச்சு. அம்மா எப்படி இருக்கறேன்னு ஒரு வரி கேட்டிருக்கற, மீன் எப்படி இருக்குதுன்னு ஒன்றரைப் பக்கம் கேட்டிருக்கற. கோவமெல்லாம் இல்ல கண்ணு, தபால்காரரு போனதும் உக்காந்து படிச்சேன், சிரிப்புத்தான் வந்துச்சு. அதனால என்னையப் பத்தி நானும் ஒரு வரியில முடிச்சுக்கறேன், இடுப்புவலி தேவலை. மீதி பூராவும் மீனுதான், இன்லேண்டுல பத்தாதுன்னு நோட்டைக் கிழிச்சு எழுதறேன்.

மே மாசம் வந்து மீனைப் பிலாய்க்கு எடுத்துட்டுப் போறேன், மூடி போட்ட கண்ணாடித் தொட்டியும் வாங்கியாச்சுன்னு எழுதியிருக்கற. வசந்தா, அதுக்கு வயசாயிருச்சு சாமி. நீ கல்யாணமாகிப் போன மறுமாசம் உங்கப்பா லோடு ஏத்திட்டு மெட்ராஸ் போனவரு மூர் மார்க்கெட்டுல அந்தச் சண்டை மீனை வாங்கி, பாட்டில்ல போட்டு, ஊடு வர்ற வரைக்கும் கிளீனர் மடியிலயே வெச்சுக் கொண்டாந்தாரு. மயில் கழுத்து நெறத்துல என்னமா மின்னுச்சு. யார் கிட்டப் போனாலும் செவுளை விரிச்சுட்டு மொறைக்குதுன்னு அதுக்கு மாப்பிள்ளைன்னு பேர் வெச்சவரும் அவருதான், இந்த வரியை மட்டும் மாப்பிள்ளைக்குப் படிச்சுக் காட்டாத. இப்ப அந்த நெறமெல்லாம் போயி, பத்து வருசம் தொவைச்ச சேலையாட்டம் வெளிறிப்போச்சு. வால் ஓரம் நைஞ்சு கெடக்குது. முதுகு லேசா வளைஞ்சிருக்குது. முன்னெல்லாம் கொசுப்புழு தண்ணியில விழறதுக்குள்ள எகிறிப் புடிக்கும், இப்ப மூக்குக்கு நேரா விழுந்தாலும் கொஞ்ச நேரம் யோசனை பண்ணுது, வாயைத் தொறக்கறதுக்குள்ள புழு அந்தப் பக்கம் போயிருது. மூச்சு வாங்க மேல வரும் பாரு, பாதி வந்ததும் பாசி மேல ஒக்காந்து எளைப்பாறிட்டுத்தான் மிச்சம் வருது. அப்பா சவரம் பண்றப்ப கண்ணாடியைக் காட்டி அதை உசுப்பி விடுவாரே, அதே கண்ணாடியை நானும் காட்டிப் பார்த்தேன். பார்த்துச்சு. யாரோ அசலூருக்காரரைப் பார்த்த மாதிரி பார்த்துட்டுத் திரும்பிக்கிச்சு.

நான் நல்லாப் பார்த்துக்கலையோன்னு நீ எழுதாம எழுதியிருக்கறது எனக்குத் தெரியாமயா இருக்கும். அஞ்சாவது படிச்சவளுக்கும் அந்த அளவுக்குப் புத்தி இருக்குது. எனக்கும் அந்தப் பயந்தான். தண்ணி ஒத்துக்கலையோன்னு போர்த் தண்ணியை விட்டுட்டுக் கெணத்துத் தண்ணி மாத்தினேன், கல்லுப்பு நாலு போட்டேன், ஒண்ணும் கேக்கல. உன் சித்தப்பா மயில்சாமி கோழிப்பண்ணைக்கு மாசாமாசம் பெரியசாமின்னு ஒரு டாக்டர் வாராரில்ல, பாட்டிலைத் தூக்கிட்டு அவருகிட்டப் போயிட்டேன். ஏனுங்கக்கா, கோழிக்குக் கேட்டாச் சொல்லுவேன், மீனுக்கு நான் எங்கீங்க படிச்சேன்னு சிரிச்சாரு. ஆனாலும் நல்ல மனுசன், வெளிச்சத்துல வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. மேல வெள்ளைப் புள்ளி இல்ல, வயிறு ஊதல, செதில் தூக்கிக்கல, மெதுவாத் தின்னாலும் தின்னுதுன்னு சொன்னாரு. அக்கா, நோவுன்னா நாலு நாள்ல ஆளைக் கவுத்துரும், இது நாலு மாசமாக் கொஞ்சங் கொஞ்சமா வந்திருக்குது, வயசுக்கு மருந்து கெடையாதுங்கன்னுட்டாரு. பக்கத்துல நின்ன உன் சித்தப்பா சும்மா இருப்பானா, நம்ம பண்ணையில முட்டை நின்ன கோழியை அன்னைக்கே லாரி ஏத்திருவோம் அண்ணின்னான். அப்படிப் பார்த்தா உன்னைத்தான் முதல் லாரியில ஏத்தோணும், காலையில இருந்து நீ என்ன முட்டை போட்டேன்னு கேட்டேன். டாக்டர் சிரிச்ச சிரிப்புல கோழியெல்லாம் கத்துச்சு.

ஒண்ணு ஒத்துக்கறேன், திட்டாத. டாக்டர் சொல்லியும் எனக்கு மனசு ஆறல. சோடி மாடுல ஒண்ணு செத்துப்போனா மத்தது தீவனம் எடுக்காது, இன்னொண்ணைக் கொண்டாந்து பக்கத்துல கட்டுனாத்தான் தின்னும், நம்ம கட்டுத்தறியிலயே நீ பார்த்திருக்கற. மீனும் அப்படித்தான் தனியா இருந்து ஏங்குதுன்னு நெனைச்சுட்டேன். தீவனம் வாங்க சேலம் போன உன் சித்தப்பாகிட்டச் சொல்லி, அதே சாதியில செவப்பா ஒரு எளசை வாங்கியாரச் சொல்லி, கூடவே உட்டுட்டேன். சண்டை மீனுன்னு வாய் நெறையச் சொல்லிட்டு சோடி சேர்க்கப் போனா எப்படி இருக்கும். அடேங்கப்பா, மூணு மாசமா முதுகுத் துடுப்பைத் தூக்காத கெழடு, செவுளை விரிச்சு, வாலை விரிச்சு, அந்தப் பழைய நெறத்துல பாதி திரும்பி வந்து நின்னுச்சு பாரு. உங்கப்பா பார்த்திருந்தா விசில் அடிச்சிருப்பாரு. நான் டீ வடிகட்டியை எடுத்துட்டு ஓடியாறதுக்குள்ள வாலு பாதி கிழிஞ்சுபோச்சு. எளசை வேற பாட்டிலுக்கு மாத்தி நடுவுல அட்டையை நிக்க வெச்சேன். கெழடு மூணு நாள் அடியிலயே கெடந்துச்சு. நானும் மூணு நாள் சோளக்காட்டுப் பக்கம் போகல, இதுக்குப் போயி ஒரு பொம்பளை இப்படியான்னு ஊர்ல பேசியிருப்பாங்க. நாலாம் நாள் ஒரே ஒரு புழு தின்னுச்சு. இனி அதுக்குச் சோடி பார்க்க மாட்டேன்.

கொஞ்சங் கொஞ்சமா வந்திருக்குதுன்னு டாக்டர் சொன்னது எனக்கு வேற எடத்துல போயிக் குத்துச்சு கண்ணு. உங்கப்பாவும் போன வருசம் ஆடியில இருந்தே லாரியில ஒரே எட்டுல ஏறாம, படியில நின்னு மூச்சு வாங்கிட்டு ஏறினாரு. சோத்தைப் பெசைஞ்சு வெச்சுட்டுப் பார்த்துட்டே இருப்பாரு. தொப்பை போட்டுருச்சு, சோம்பேறி ஆயிட்டீங்கன்னு நான் கேலி பண்ணினேன், அவரும் சிரிச்சாரு. ஐப்பசியில நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தவரு போயிட்டாரு. இந்த மீனைப் பார்த்த மாதிரி ஒரு நாள் அவரை வெளிச்சத்துல வெச்சுப் பார்த்திருந்தா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பேன். இதை உங்கிட்டத்தான் சொல்றேன், மாப்பிள்ளைகிட்டச் சொன்னாலும் சொல்லு, மத்தவங்ககிட்ட வேண்டாம்.

அப்பா ஞாபகமா எனக்கு அது ஒண்ணுதானம்மா இருக்குதுன்னு எழுதியிருக்கற, படிச்சுட்டு அழுகைதான் வந்துச்சு. ஆனா வசந்தா, ரெண்டு நாள் ரயிலு, மே மாச வெயிலு, இடுப்புல பாப்பா, கையில பாட்டிலு, மாப்பிள்ளை பெட்டியைத் தூக்குவாரா பாட்டிலைத் தூக்குவாரா, நாக்பூர் வர்றதுக்குள்ள தண்ணி கொதிச்சுரும். அது தாங்காது. உனக்கு அவரு மூக்கு இருக்குது, அந்த முன்கோவமும் இருக்குது, பாப்பா தூங்கறப்பப் புருவத்தைச் சுருக்கறது அவரே பக்கத்துல படுத்திருக்கற மாதிரி இருக்குதுன்னு நீதான எழுதின. எங்கிட்ட அந்த மாதிரி ஒண்ணும் இல்ல சாமி. அதை இங்கயே உட்டுட்டுப் போ. உனக்கு வேணும்னா அந்தச் செவப்பு எளசைக் கொண்டு போ, அது பிலாய் என்ன, டில்லி வரைக்கும் சண்டை போட்டுட்டே வரும். நீ முடியாதுன்னு எழுதினா நான் மறுக்க மாட்டேன், உங்கப்பா வாங்கினது உனக்கும் சேர்ந்ததுதான், ஆனா அம்மா கேட்டுக்கறேன்.

நீ, மாப்பிள்ளை, பாப்பா மூணு பேரும் நீண்ட ஆயுசோட, கஞ்சி குடிச்சாலும் சிரிச்சுக் குடிக்கற குடும்பமா இருக்கோணும், எல்லாச் சாமியும் தொணையிருக்கும். மறக்காம மாப்பிள்ளையை ஆஸ்பத்திரியில நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லு, முப்பத்தஞ்சு வயசுல எதுக்குன்னு கேப்பாரு, மாமியா சொன்னாங்கன்னு சொல்லு. டிக்கெட் மே கடைசிக்கு எடுத்திருந்தா மொதல் வாரத்துக்கு மாத்திக்க முடியுமான்னு பாரு. தெனமும் விடியக்கால நான் பாட்டில் பக்கம் போனா அது திரும்பி என் மொகத்தைப் பார்க்குது, இப்பல்லாம் மெதுவாத்தான் திரும்புது, திரும்பி முடிக்கற வரைக்கும் நான் நின்னுக்கறேன்.

இப்படிக்கு
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
தெய்வநாயகி