மல்லிப்பட்டினம் தாண்டிய பிறகு

ஜெகதாப்பட்டினம்,
படகிலிருந்து,
4.5.2025

அன்புள்ள ராணிக்கு,

நான் நலம். நீ நலமா என்று போனில் கேட்கலாமென்றால் எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால்தான் இந்தக் காகிதம். கப்பல் வேலையில் இருந்தபோது உனக்குக் கடைசியாக எழுதியது. இப்போது கை வலிக்கிறது.

தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கின்றன. நம் பாய்மரப் படகு மட்டும் தனியாக ஆடிக்கொண்டு நிற்கிறது. ஐஸ் கம்பெனி அறிவுமதி தினமும் வந்து, "டீச்சர் எப்ப வருவாங்க சார்?" என்று கேட்கிறார்.

உன் தங்கை ஷர்லியை அடக்கம் செய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் எத்தனை நாள் அந்த வீட்டிலேயே இருப்பாய்? காற்று நின்றதற்கு நான் என்ன செய்ய முடியும்? வா, தூத்துக்குடி வரை போய் வருவோம்.

உன்,
அருள்தாஸ்

அறந்தாங்கி,
11.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. ஷர்லியின் மகள் ரஞ்சிதா இன்னும் என் பக்கத்தில்தான் படுக்கிறாள்.

எனக்குக் காற்றின் மேல் கோபம் இல்லை. அன்றைக்கு மல்லிப்பட்டினத்துக்கு நேராக வரும்போது ரஞ்சிதா போன் செய்தாள். "பெரியம்மா, அம்மாவுக்கு ரொம்ப முடியல, ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க." நான் உங்களிடம், "இங்கிட்டே எறக்கி விட்ருங்க, பஸ்ஸப் புடிச்சுப் போயிர்றேன்" என்றேன். நீங்கள் பாயைப் பார்த்தபடியே, "கொண்டல் காத்து நல்லா வீசுது. ஜெகதாப்பட்டினம் போயி கார்ல போயிக்கலாம்" என்றீர்கள்.

மதியம் காற்று விழுந்தது. ரிப்பேர் பாருங்கள் என்று நான் பொங்கலிலிருந்து சொல்லிவந்த இன்ஜினும் ஓடவில்லை. பாய் தொங்கிப்போய் நடுக்கடலில் நின்றோம். மறுநாள் நாம் வந்து சேர்ந்தபோது, கல்லறைக்குப் போய்த் திரும்பியவர்கள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் கப்பலுக்குப் போன வருஷங்களில் ஒருநாளும் நான் போகாதீர்கள் என்று சொன்னதில்லை. நீங்கள் கப்பல் வேலையை விட்ட பிறகு இந்த மூன்று வருஷமும் படகில் சந்தோஷமாகத்தான் வந்தேன். நான் கேட்டது அந்த ஒன்றுதான்.

உங்கள்,
செல்வராணி

ஜெகதாப்பட்டினம்,
20.5.2025

ராணி,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்ஜினைக் கழற்றிச் சரிசெய்துவிட்டேன். நன்றாக ஓடுகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் என் தலையில் போடாதே. அன்றைக்குச் சுக்கான் யார் கையில் இருந்தது? நீதான் பிடித்திருந்தாய். கரை கண்ணுக்குத் தெரிந்தது. திருப்பியிருந்தால் தடுத்திருக்கவா போகிறேன்? "சரி" என்று நீயும்தானே சொன்னாய். சொல்லிவிட்டுப் பாயைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாய்.

அருள்தாஸ்

ஜெகதாப்பட்டினம்,
21.5.2025

அன்புள்ள ராணிக்கு,

நேற்றுப் போட்ட கடிதத்தைப் படிக்காதே. காலையில் தபாலாபீஸ் போய்த் திருப்பிக் கேட்டேன். "அது போயிருச்சுங்க சார்" என்றார்கள். வந்ததும் கிழித்துப் போட்டுவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன்,
அருள்தாஸ்

அறந்தாங்கி,
24.5.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. முத்திரையில் தேதி பார்த்து, முதலில் போட்டதைத்தான் முதலில் பிரித்தேன்.

நீங்கள் எழுதியதில் பொய் இல்லை. சுக்கான் என் கையில்தான் இருந்தது. அன்றைக்குக் காற்று அப்படி இருந்தது. படகு சாய்ந்து ஓடியது. இறங்க எனக்கும் மனசில்லை. ஷர்லி நாளைக்கும் இருப்பாள் என்று நினைத்தேன். ரஞ்சிதாவிடம் இதைச் சொல்ல முடியவில்லை. இது தெரிந்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

அதை மட்டும் நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று இருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் உங்கள் மேல் கோபப்பட முடிந்தது. கோபம் என்றைக்காவது ஆறியிருக்கும். நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். இப்போது உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தக் கரைதான் தெரியும்.

படகை விற்க வேண்டாம். தூத்துக்குடிக்குத் தனியாகப் போகாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை அடுப்புக்கு மேலே இருக்கும் டப்பாவில் இருக்கிறது, காலையில் மறந்துவிடுவீர்கள்.

என் துணிகளை அறிவுமதியிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் கொண்டுவர வேண்டாம்.

செல்வராணி