சேஃப் ஜேர்னின்னு சொன்னது

13.03.2007, செவ்வாய்

சீகிரியாவைப் பார்த்துட்டு எங்க ஹோட்டல்லருந்து கண்டிக்குக் கிளம்பின வெள்ளைக்காரம்மாகிட்ட, "சேஃப் ஜேர்னி"ன்னு சொல்லிட்டேன். அவங்க முகம் மாறிடுச்சு. "ரோட்ல ஏதும் பிரச்சினையா?"ன்னு கேட்டாங்க. கண்டியே வேணாம்னு நேரா ஏர்போர்ட்டுக்குப் போயிட்டாங்க.

"ஹேவ் எ நைஸ் டேன்னு சொன்னா வாய் வலிக்குமா?"ன்னு மேனேஜர் கத்தினாரு. அதுக்கு நான் பயப்படல. அப்புறம் கதவைச் சாத்திட்டு, சிங்களத்துல மெதுவாக் கேட்டாரு: "உனக்கு ஏதும் தெரியுமா?"

எனக்கு என்ன தெரியும்? எங்க தேயிலைத் தோட்டத்துல யாரு பஸ் ஏறினாலும் பத்திரமா போய்ட்டு வாங்கன்னுதானே சொல்லுவோம். அதைத்தான் இங்கிலீஷ்ல சொன்னேன். சண்டை நடக்குற நேரம், பஸ்ல எல்லாம் குண்டு வெடிக்குது, ஹோட்டல்ல நான் ஒருத்தன்தான் தமிழன். அவரு போலீஸ்ல போய்ச் சொன்னாருன்னா...

இப்பதான் தம்பி போன் பண்ணினான். விடியக்காலம் கொழும்பு பஸ் ஏறுறானாம். பத்திரமா போடான்னு சொல்ல வாய் வரல. சரின்னு மட்டும் சொல்லிட்டு போனை வச்சிட்டேன்.