சீர் வரிசையில் ஒரு கம்ப்யூட்டர்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. மாடியில் போட்ட துணி நேற்றிலிருந்து ஈரம்.

லேப்டாப் மறுபடி அணைந்தது. கல்யாண வீடியோவை முழுப் படமாக்கும் ரெண்டர் பாதியில். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி, அடியில் இரண்டு டம்ளரைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, பஸ் என்ஜின்கூட இவ்வளவு கொதிக்காது என்றார். டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டையர் ஆனவர். சரியாகத்தான் இருக்கும்.

டெஸ்க்டாப் வாங்கியே ஆக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால்.

கல்யாணம் மாதக் கடைசியில். மாப்பிள்ளை, அத்தை மகன் செந்தில் (இனி செ.). செக்கானூரணியில் வீடு. கப்பலூரில் அட்டைப்பெட்டி கம்பெனியில் சூப்பர்வைசர். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம். ஆகவே எங்களுக்குள் புதிதாகப் பேச ஒன்றும் இருக்காது என்று இரண்டு வீட்டிலும் முடிவு செய்துவிட்டார்கள்.

நாளை: ஷாம்பு. ரவிக்கை அளவு. கம்ப்யூட்டர் கடை.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு மாடிக் கடை. கடைக்காரர் பாலாஜி அண்ணன். மனைவியோடு போனில் சௌராஷ்டிரத்தில், என்னோடு தமிழில், கம்பெனி ஆளோடு ஆங்கிலத்தில். மூன்றிலும் ஒரே அலுப்பு.

கேம், லைவ், எடிட்டிங் மூன்றுக்கும் வேண்டும் என்றேன். எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்களாம். ஒரு நாளில் எதற்கு எவ்வளவு நேரம் என்று எழுதச் சொல்லி, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தைக் காட்டிக் கொடுத்தார். எழுதினேன்.

எடிட்டிங்: பகல் முழுக்க. கல்யாணம், காதுகுத்து, சடங்கு. எல்லாம் கோரிப்பாளையம் ஷாஜகான் பாய் ஸ்டுடியோ வேலை.

லைவ்: முகூர்த்த நாட்களில். மண்டபத்துக் கேமராவில் ஓடுவது நெட் வழியாக என் வீட்டுக்கு வரும், நான் பெயர் போட்டு, ஒலி சரிசெய்து அனுப்புவேன். துபாய் சித்தப்பாக்கள் பார்ப்பார்கள்.

கேம்: விளக்கு வைத்த பிறகு கொஞ்ச நேரம். ஆடுவதை அப்படியே நெட்டில் லைவாக விடுவேன், முகம் காட்டுவதில்லை, குரல் மட்டும். பார்க்கிறவர்கள் ஒரு வேனில் அடங்குவார்கள்.

கேம்தான் முதலில் வரும் என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் கடைசி. கொஞ்சம் அவமானமாக இருந்தது.

பாலாஜி அண்ணன் படித்துவிட்டு, "அப்ப கிராபிக்ஸ் கார்டுல ஒரு படி இறங்குங்க தங்கச்சி, ராம்ல ஒரு படி ஏறுங்க. கேம் திக்குனா உங்களுக்குத்தான் தெரியும். வீடியோ திக்குனா கல்யாண வீட்டுக்கே தெரியும்" என்றார். ராம் விலை தங்கம் மாதிரி ஏறிக்கொண்டே போகிறதாம். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஷாம்பு மறந்துவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

மேகம். மழை இல்லை.

அம்மா வழி கண்டுபிடித்துவிட்டாள். டிரெஸ்ஸிங் டேபிள் வாங்குவதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டரைச் சீரில் வைத்துவிடலாம். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர். இரண்டு செலவு ஒன்றாகிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். ராம் இரட்டிப்பாகும்.

ஒரே ஒரு நிபந்தனை. கறுப்பாக இருக்கக் கூடாது. சீர் வரிசையில் கறுப்புச் சாமான் வைக்க மாட்டார்கள்.

கேபினெட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாமே உலகத்தில் கறுப்பாகத்தான் செய்கிறார்கள் என்றேன். உலகத்துக்குச் சொல்லு என்றாள். பாலாஜி அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை. முகூர்த்த மாசம் வந்தால் வெள்ளை கேட்டு ஆள் வரும், வரவழைத்துத் தருகிறேன் என்றார். கேபினெட்டின் முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், காற்றுப் போக வலை வைத்தது போதும் என்று சொல்லி வைத்தேன். வெள்ளையில் தூசி தெரியும். அதாவது துடைக்கிறவளுக்குத் தெரியும்.

கல்யாணத்தைப் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள். கம்ப்யூட்டரை விட்டுவிட்டார்கள்.

நவம்பர் 8, சனி

நல்ல மழை. அப்பாவின் தங்கை ராசாத்தி அத்தை, அவளுடைய சின்ன மகன் பிரபு இருவரும் வந்தார்கள். நனைந்த செருப்பு வாசல் முழுக்க. பஜ்ஜி.

கம்ப்யூட்டர் விஷயத்தை அம்மா பெருமையாகச் சொன்னாள். அத்தைக்கு முகம் மலர்ந்தது. "ஹால்லயே வச்சிருவோம்த்தா. வாரவுக போறவுக பாப்பாகள்ல. பிரபுவும் காலேசு வேலைக்கு வச்சுக்கிருவான், பாவம், அவனும் எம்புட்டு நாளாக் கேக்குறான்."

அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன் போல. பஜ்ஜி வாயில் இருந்தது.

என் வேலை எங்கே நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. டிவி ஓடுகிற ஹாலில் உட்கார்ந்து மணப்பெண்ணின் அழுகைக்கு ஒலி சரிசெய்ய முடியாது. கேம் லைவ் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதைப் பற்றி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

நவம்பர் 9, ஞாயிறு

பிரபு காலையிலிருந்து மெசேஜ். தண்ணியில் குளிரும் ஃபேன் போடுங்கள் மதினி. கார்டில் இறங்காதீர்கள் மதினி, ஏறுங்கள். கலர் லைட் அவசியம். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. கெட்ட பையன் இல்லை. ஆனால் அவன் மனசுக்குள் அது அவனுடைய கம்ப்யூட்டர் ஆகிவிட்டது, அதில் அவன் தப்பும் இல்லை. சீராக வந்தால் வீட்டுச் சாமான். வீட்டில் அவனும் இருக்கிறான்.

சாயங்காலம் செ. பேசினார். கம்ப்யூட்டர் ஹாலில் வேண்டாம், உங்கள் வீட்டு மாடி ரூமில் வைக்கணும், எனக்கு வேலை இருக்கிறது என்று நேராகச் சொன்னேன். அத்தையிடம் சொல்வதாகச் சொன்னார். சொல்ல மாட்டார். சொல்லத் தெரியாத ஆள் என்பது சின்ன வயதிலிருந்தே தெரியும். அந்த அளவுக்குப் பழைய பழக்கம் உதவுகிறது.

நவம்பர் 12, புதன்

நல்ல நேரம் பார்த்துக் கடைக்குப் போனோம். பாலாஜி அண்ணன் எங்கள் கண் முன்னால் மாட்டி, ஓட்டிக் காட்டினார். நான் எடிட் செய்த பழைய கல்யாண வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். லேப்டாப் மூச்சுத் திணறுகிற இடத்தில் இது நடந்து போனது. அம்மா வெள்ளை நிறத்தை மட்டும் சரிபார்த்தாள்.

மறுபடி அட்டைப்பெட்டியில் வைத்து டேப் ஒட்டினார்கள். வீட்டுக்குப் போனதும் ஓட்டிப் பாருங்கள், கோளாறு இருந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவேன் என்றார். அம்மா ஆட்டோ தேடிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளுக்கு மஞ்சள், குங்குமம். பீரோ பக்கத்தில் அடுக்கி, மேலே புதுத் துண்டு. கத்தரிக்கோலோடு போனேன். சீர்ச் சாமானைப் பிரிக்கக் கூடாதாம்.

ஆக, லேப்டாப், கவிழ்த்த டம்ளர், டேபிள் ஃபேன். நாலடி தள்ளி, குங்குமம் வைத்த புதுக் கம்ப்யூட்டர். நான் பார்க்கிறேன். அது பார்க்கவில்லை, துண்டு போர்த்தியிருக்கிறது.

நவம்பர் 15, சனி

கோரிப்பாளையம். சிக்னலில் வழக்கமான நெரிசல். தர்கா பக்கம் இறங்கி நடந்தே போய்விட்டேன்.

ஷாஜகான் பாய் டீ வரவழைத்தார். பத்திரிகை வைத்தேன். நன்றாக இருக்க வேண்டும் என்று துஆ செய்தார். பிறகு, இந்த மாதத்து வேலைகளை வேறு பையனிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். கல்யாணப் பெண்ணைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று. நான் கேட்கவேயில்லை.

"நீ வேலய விட்டுருவேன்னு நெனச்சேன்மா. எல்லாரும் அப்படித்தானே."

விடவில்லை பாய் என்றேன். அவர் ஆர்டர் நோட்டைப் புரட்டினார். திருமங்கலம் கல்யாணம் ஒன்று கையில் இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளிக்கிழமை மஸ்கட் பறக்கிறார்கள், வியாழனுக்குள் முழு வீடியோ வேண்டும், முடியுமா என்றார். முடியும் என்றேன். இன்ஷா அல்லாஹ் என்றார். அதில் பாதி சந்தேகம்.

இதை முடித்துக் கொடுத்தால் நான் இருக்கிறேன். இல்லாவிட்டால் அந்தப் பையன் இருக்கிறான். அவ்வளவுதான் கணக்கு.

நவம்பர் 18, செவ்வாய்

புழுக்கம். பந்தல்காரர் வந்து போனார். தேங்காய் சொல்லியாயிற்று.

மதியம் லேப்டாப் போய்விட்டது. அணைந்தது இல்லை. போய்விட்டது. ஒரு கருகல் வாடை, அப்புறம் எதுவுமில்லை. தாலி கட்டுகிற இடம் வரைக்கும் வெட்டியிருந்தேன். எல்லாம் வெளி ஹார்டு டிஸ்கில் இருப்பதால் படம் பிழைத்தது. ஓட்டத்தான் எதுவும் இல்லை.

அம்மாவிடம் போனேன். புதுப் பெட்டியைத் திறக்கிறேன், வியாழன் முடிந்ததும் அப்படியே மூடி ஒட்டிவிடுகிறேன் என்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது, அழவில்லை.

"திறந்தா அது சீரு இல்லடி. பொழங்குன சாமான். பொழங்குனத எப்படிச் சபையில வைக்கிறது? ஒங்க அத்த நாலு பேரு முன்னாடி கேப்பா."

வந்து உட்கார்ந்தேன். அம்மா சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்தேன். திறந்தால் அது சீர் இல்லை. சீர் இல்லை என்றால், அத்தை வீட்டு ஹாலுக்குப் போக வேண்டியதில்லை. பிரபுவுக்கும் பங்கில்லை. பிறகு அது யாருடையது?

இதை அம்மா தடையாகத்தான் சொன்னாள். எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

நவம்பர் 19, புதன்

காலையில் அம்மா பூவுக்குச் சொல்ல மாட்டுத்தாவணிக்குக் கிளம்பினாள். பஸ் ஏறியிருப்பாள் என்று தோன்றும் வரை காத்திருந்தேன். துண்டை மடித்து வைத்தேன். டேப்பைக் கிழித்தேன். குங்குமம் விரலில் ஒட்டி, வெள்ளைக் கேபினெட்டில் ஒரு சிவப்புக் கறை. துடைத்தேன். முழுசாகப் போகவில்லை.

அப்பா பேப்பரை இறக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து மானிட்டரின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

ஓடியது. திருமங்கலம் கல்யாணத்தில் பொட்டுத் திக்கல் இல்லை.

அம்மா திரும்பியபோது மதியம். வாசலிலேயே நின்றுவிட்டாள். பெட்டி காலி. திட்டுக்குத் தயாராக ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். திட்டவில்லை. பூக்காரன் கறாராகப் பேசுகிறான் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நவம்பர் 20, வியாழன்

வீடியோ கொடுத்தாயிற்று. பாய் கடையிலேயே ஓட்டிப் பார்த்தார். நாதஸ்வரம் ஏறுகிற இடத்தில் தலையை ஆட்டினார். டிசம்பரில் கொடுக்க வேண்டிய வேலைகளில் இரண்டை என் பக்கம் தள்ளினார். "கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா" என்றார். அந்த "வாம்மா" போதும்.

வீட்டுக்கு வந்தால் அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டு. அவளே பேசினாள்.

"எங்க அய்யா எனக்குத் தையல் மிஷினு சீர் குடுத்தாரு. ஆசையா இருந்துச்சு, பிரிக்கல. அழுக்காயிரும்னு சாக்குப் போட்டு மூடியே வச்சிருந்தேன். மறு வருசம் ஒங்க அத்தைக்குக் கல்யாணம். புதுசாத்தான இருக்கு, பிரிக்கக்கூட இல்லையேன்னு அவ சீர்ல தூக்கி வச்சிட்டாக. ஒரு சட்ட தச்சிருந்தாக்கூட அது என்னோடதா இருந்திருக்கும்."

அந்த மிஷினை எனக்குத் தெரியும். செக்கானூரணி வீட்டில் அதன் மேல்தான் டிவி. சின்ன வயதில் அதன் மிதியில் ஏறி ஆடியிருக்கிறேன். அம்மாவுடையது என்று இன்றைக்குத்தான் தெரியும். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அப்பா மேலும் கொஞ்சம்.

கேம் எப்படி ஆடுவது என்று காட்டவா என்றேன். காட்டு என்றாள். ஓட்டிய காரைச் சுவரிலேயே முட்டிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 24, திங்கள்

மழை. மருதாணிப் பொடி, காப்பித் தூள், சேலைக்கு ஃபால்ஸ்.

செ. போன். மாடி ரூமில் வயரிங் இழுக்க ஆள் வந்திருக்கிறானாம், எத்தனை பிளக் வேண்டும் என்று கேட்டார். யோசித்து, ஆறு என்றேன். எதற்கு இத்தனை என்று கேட்கவில்லை. "சரி, எட்டாப் போடச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் அத்தையிடம் பேசவில்லை. ஆனால் எலெக்ட்ரீசியனிடம் பேசியிருக்கிறார். மனசு லேசாக இருந்தது.

நவம்பர் 29, சனி

மண்டபத்து அறையில் எழுதுகிறேன். நாளைக் காலை முகூர்த்தம். கையில் மருதாணி, எழுத்து கோணல். கிளம்பும் முன் பாய் கொடுத்த காதுகுத்து வீடியோவை ரெண்டரில் போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் சீர் பரப்பினார்கள். கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், பித்தளை, எவர்சில்வர், பழத்தட்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அத்தை முன்னால். பின்னால் பிரபு, கழுத்தை நீட்டிக்கொண்டு. வரிசை முடிந்ததும் அத்தை நின்றாள். கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டாள். சத்தமாகத்தான் கேட்டாள். கூட வந்தவர்கள் எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா ஒரு தட்டில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அது அவ பொழங்குற சாமான் ராசாத்தி. பொழங்குனதச் சீர்ல வைக்கக் கூடாதுல்ல. அவளே எடுத்துட்டு வருவா."